இன்னொருக்கா சொல்லுங்க

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புது நோட்டு. முதல் பக்கத்தில் பெயர் எழுதும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கிறது. கார்குழலி, வயது இருபத்து நான்கு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

காலையில் துணி துவைத்தேன். ஹாஸ்டல் மாடியில் கொடி பிடிக்க இன்றைக்கும் சண்டை. பிறகு தலைக்கு எண்ணெய் வைத்தேன். என் முடியைப் பார்த்துத்தான் அம்மா எனக்கு இந்தப் பெயரை வைத்தாளாம். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதை ஒட்ட வெட்டிவிட்டதும் அவள்தான். சீப்பு இறங்காது, பேன் பிடிக்கும் என்பாள். வேலைக்கு வந்த பிறகுதான் வளர விட்டிருக்கிறேன். அது அப்பாவின் முடி. அப்பா பெயர் சினேடு. நைஜீரியாவிலிருந்து இந்த ஊருக்குத் துணி வாங்க வந்தவர். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போனவர் திரும்பவில்லை. நிறம், முடி, உதடு எல்லாம் அவருடையது அப்படியே எனக்கு வந்திருக்கிறது. அம்மாவிடமிருந்து என்ன வந்திருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

நேற்று அம்மா தூக்குப்போசியோடு பஸ் ஸ்டாப்புக்கு வந்தாள். அரிசியும் பருப்பும் சாதம், தொட்டுக்கொள்ள அப்பளம். சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். வருகிற ஞாயிறு ஸ்ருதிகாவுக்கு நிச்சயம். ஸ்ருதிகா அம்மாவின் இரண்டாம் கல்யாணத்தில் பிறந்தவள், என்னைவிட நான்கு வயது சின்னவள்.

"உனக்கு அன்னைக்கு ஷிப்மென்ட்டு இருக்குமல்லொ கண்ணு?"

"ஆமாம்மா. லீவு தர மாட்டாங்க."

"அதான பாத்தேன்" என்றாள் அம்மா. அவள் முகம் தெளிந்தது.

அந்த ஷிப்மென்ட் போன வாரமே போய்விட்டது. அதைச் சொல்லி என்ன. விசேஷ வீடு, கூட்டம் இருக்கும், உட்காரக்கூட இடம் இருக்காது. எட்டு வயதிலிருந்து ஹாஸ்டலிலேயே இருந்துவிட்டதால் எனக்குக் கூட்டம் ஆகாது. மாமாவுக்கும் அன்றைக்கு ஆயிரம் வேலை இருக்கும். மாமா என்றால் அம்மாவின் வீட்டுக்காரர். அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்ருதிகாவுக்கு ஒரு சேலை எடுத்து அம்மாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். பச்சை அவளுக்கு எடுப்பாக இருக்கும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பஸ்ஸில் புது கண்டக்டர். "வேர் கோயிங்?" என்றார். "பழைய பாலம் ஒண்ணு குடுங்ண்ணா" என்றேன். முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. பொம்மை பேசினால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

கம்பெனியில் வசந்தாமணி அக்காவிடம் சேலை எடுக்கப் போவதைச் சொன்னேன். அக்காதான் எங்கள் செக்கிங் டேபிளுக்குப் பெரியவர். "தங்கச்சி நிச்சயத்துக்கு லீவு போடாம இங்க நின்னு நூலு வெட்டிட்டிருக்கறியே, நீ என்ன பிள்ளை?" என்றார். கூட்டம் எனக்கு ஆகாதுங்க்கா என்றேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதினால்தான் இது எனக்கு நடக்கிறது என்று நம்ப முடியும் போலிருக்கிறது.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து கடைவீதிக்குப் போனேன். பச்சைச் சேலை கிடைத்தது. திரும்பி வரும்போது கம்பெனிகள் கழித்துப்போட்ட செகண்ட்ஸ் பனியன் விற்கும் சந்தில் ஒரு போலீஸ் வேன் நின்றது. ஆப்பிரிக்காக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விசா முடிந்தும் தங்கியிருப்பவர்களுக்கான சோதனை என்று டீக்கடைக்காரர் சொன்னார். நானும் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தேன். பிடிக்கப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோளில் ஒரு கை விழுந்தது.

"கம், கம். வேன், வேன்."

"அண்ணா, நான் இந்த ஊருங்க."

"டேய், இது தமிழ் பேசுதுடா" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். கை மட்டும் தோளிலிருந்து எடுபடவில்லை. டீக்கடைக்காரரைப் பார்த்தேன். அவர் கடையில் எத்தனையோ தடவை டீ குடித்திருக்கிறேன். அவர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த மாதிரிப் போலி அட்டை போன மாதம்கூடப் பிடித்தோம் என்றார். கம்பெனிக்குப் போன் போட்டார்கள். நான் காண்ட்ராக்டர் மூலமாக வந்த ஆள், கம்பெனிப் பதிவேட்டில் என் பெயர் கிடையாது. எங்களிடம் வெளிநாட்டுக்காரர் யாரும் வேலை செய்யவில்லை என்று ஆபீஸில் சொல்லிப் போனை வைத்துவிட்டார்களாம். ஹாஸ்டலில் தங்கியிருப்பது எதற்கும் சாட்சி ஆகாதாம்.

இந்த நோட்டையும் ஒரு போலீஸ்காரர் புரட்டிப் பார்த்தார்.

"சார், பூராவும் தமிழ்ல எழுதியிருக்குதுங்க."

"யாராச்சும் எழுதிக் குடுத்திருப்பாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "அட்டையில இருக்கற வீட்டுக்கு ஆள் அனுப்பறோம். உங்கம்மா வந்து இது என் பொண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், நீ போயிரலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. முகவரியை வாயாலும் ஒருமுறை தெளிவாகச் சொன்னேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

"ஞாயித்துக்கெழமை மட்டும் போக வேண்டாமுங்க சார். வீட்ல விசேஷம்."

ஆகஸ்ட் 30, சனி

ஸ்டேஷனில் பெண்களை வைக்கக் கூடாதாம். பக்கத்து ஊரில் ஒரு பெண்கள் காப்பகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முந்தாநாள் பிடித்ததில் பெண்கள் மூன்று பேர்தான். மற்ற இரண்டு பேரும் நைஜீரியா.

வேனில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சின்னப் போலீஸ்காரர் பேப்பரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். மழை பற்றிய செய்தி. படித்தேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. "ழ சொல்லு, ழ சொல்லு" என்றார்கள். சொன்னேன். கை தட்டினார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். நன்றாகப் படித்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்து, மூச்சு வாங்காமல், ஒற்று விடாமல் படித்தேன்.

இன்று சனிக்கிழமை. அம்மா பஸ் ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நின்றாளோ.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பத்தரை மணிக்கு முகூர்த்தம். இந்நேரம் தட்டு மாற்றியிருப்பார்கள். மழை இல்லை. நல்லது.

செப்டம்பர் 1, திங்கள்

ஜெயக்கொடி என்று ஒரு பெண் போலீஸ். இங்கே காவலுக்கு வருபவர். மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"உங்க வூட்டுக்கு நேத்து எஸ்.ஐ.யோட நானும் போயிருந்தேன்" என்றார். "பந்தல் போட்டிருந்துது. ஞாயித்துக்கெழமை வேண்டாம்னு நீ சொன்னதச் சொன்னேன். மேல இருந்து அவசரப்படுத்தறாங்கன்னுட்டாரு. வாசல்ல மாப்ள வூட்டுக்காரங்க சேர் போட்டு உக்காந்திருந்தாங்க. உங்கம்மா வெளிய வந்தாங்க. போட்டோவக் காட்டுனோம்."

"நல்லாருக்காங்களா?"

"பட்டுச்சேலை கட்டியிருந்தாங்க." ஜெயக்கொடி கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "யாருன்னு தெரியலீங்கன்னு சொல்லிட்டாங்க கண்ணு."

வேறு வீட்டுக்குப் போயிருப்பார்கள். எங்கள் தெருவில் அம்மா பெயரிலேயே சுலோச்சனா என்று இன்னொருத்தர் இருக்கிறார், ரேஷன் கடைக்குப் பக்கத்தில். அதைச் சொன்னேன். ஜெயக்கொடி தலையை ஆட்டினார். அம்மாவுக்குக் கண்ணாடி போடாமல் பக்கத்தில் இருப்பது தெரியாது. போட்டோ சின்னதாக இருந்திருக்கும். அதையும் சொன்னேன்.

"பெரிய போட்டோதான்" என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் இட்லி. மத்தியானம் சாம்பார். பாத்ரூம் கழுவும் முறை என்னுடையது. கழுவினேன். இரண்டு தடவை கழுவினேன்.

செப்டம்பர் 3, புதன்

எனக்குப் பக்கத்துப் பாயில் சியோமா. நாற்பது வயது இருக்கும். பனியன் வாங்கி ஊருக்கு அனுப்புகிற வியாபாரி. விசா முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டதாம். கடைவீதித் தமிழ் தெரியும்: "எவ்ளோ", "கம்மி பண்ணு", "நாளைக்கு வா". மீதியை இங்கிலீஷில் பேசுவார். என் இங்கிலீஷ் அவருடைய தமிழைப் போலத்தான். இரண்டையும் சேர்த்துக் காலம் தள்ளுகிறோம்.

முதல் நாள் என்னிடம் அவர் ரகசியமாகக் கேட்டது: "சிஸ்டர், இந்தத் தமிழை எங்கே கற்றாய்? ரொம்ப நன்றாக நடிக்கிறாய்." நான் நடிக்கவில்லை என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வை பஸ்ஸில் பார்க்கிற பார்வையேதான். நான் கையால் குழம்புசாதம் பிசைவதை அவரும் இன்னொருத்தியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் மொழியில் என்னமோ பேசிச் சிரித்தார்கள்.

இன்று மதியம் சியோமா என் தலையைத் தொட்டுப் பார்த்து, "இதை யார் இப்படிக் கொன்றது?" என்றார். அழுக்குச் சட்டையோடு வந்த பிள்ளையை அதட்டுவது போலிருந்தது. என்னை முன்னால் உட்காரவைத்து, தண்ணீர் தொட்டு, விரலாலேயே பிரித்து, வகிடு வகிடாகப் பின்ன ஆரம்பித்தார். ஊரில் அவருக்குச் சொந்தமாக முடி பின்னும் கடை இருந்ததாம். சாயங்காலம் வரை ஆயிற்று. வலித்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் என் தலையில் கை வைத்த யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்ததில்லை.

பின்னிக்கொண்டே அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"சினேடு. கடவுள் வழி நடத்துகிறார் என்று அர்த்தம்" என்றார். "எங்கள் தெருவிலேயே பத்து சினேடு இருப்பார்கள்."

எனக்கு அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டு என்பதே தெரியாது. வெறும் சத்தம் என்று நினைத்திருந்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றி பெரிதாகத் தெரிந்தது. யாரோ ஒரு அழகான பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்து திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

சமையல் செய்கிற அம்மா போனைக் கொண்டுவந்து காட்டினார். "ஏனம்மிணி, இது நீதான?"

நான்தான். ஸ்டேஷனில் பேப்பர் படிக்கிறேன். மேலே பெரிய எழுத்தில் 'அசத்தல் தமிழ் பேசும் ஆப்பிரிக்கப் பெண்' என்று போட்டிருக்கிறார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே எழுதியிருந்ததை நின்றபடியே படித்தேன். நம் பிள்ளைகளுக்கு ழ வரவில்லை, இந்த வெளிநாட்டுப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும். தாய்மொழி இல்லாவிட்டாலும் என்ன ஒரு உச்சரிப்பு. இந்தச் சகோதரியைத் தமிழ்நாடு தத்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எங்கே நின்று படிக்கிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பின்னால் லாக்கப் கம்பி தெரிகிறது.

அதைப் பார்த்து ஒரே ஒரு ஆள் வந்தார். வசந்தாமணி அக்கா. சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மூச்சிரைக்க வந்து நின்றார். ஒரு வாரமாக நான் வேலைக்கு வராததால் காய்ச்சல் என்று நினைத்தார்களாம். நேற்று டேபிளில் ஒருத்தி வீடியோவைக் காட்டியதும் அக்காவுக்குக் கம்பி கண்ணில் பட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு இன்னும் விவரம் தெரியாது, வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றும் சொன்னேன். அக்கா என் பின்னலைப் பார்த்தார். கையைப் பிடித்தார்.

"நான் நாளைக்குக் காலைல உங்கம்மாகிட்ட நேராப் போறேன். சொல்லி அனுப்பறேன். நீ வெசனப்படாத."

"அக்கா, மாமா இல்லாத நேரமாப் போங்க."



செப்டம்பர் 5, வெள்ளி

வார்டன் வந்து, "உனக்குத் தெரிஞ்சவங்க யாரோ வந்திருக்காங்க" என்றார்.

அம்மா.

தூக்குப்போசியோடு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஓடினேன். அவள் முதலில் என் தலையைத்தான் பார்த்தாள். "இதென்னது தலைல?" என்றாள். பிறகு அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல். நான்தான் தேற்றினேன். பரவாயில்லைம்மா, நீ வந்துட்டே அல்லொ, வா, ஆபீஸ் ரூமுக்குப் போய்ச் சொல்லிரலாம் என்று எழுந்தேன். அம்மா எழவில்லை.

"உக்காரு கண்ணு."

உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு எல்லாரும் இருந்தாங்க. மாப்ளையோட பாட்டன் பக்கத்துலயே நிக்கறாரு. என்ற வாயில என்ன வந்துதுன்னே எனக்குத் தெரியல."

"சரிம்மா. போலீசு திடீர்னு வந்து நின்னா யாருக்கும் அப்படித்தான் ஆகும். இப்பச் சொல்லிரலாம்."

"வீடியோ வேற போட்டுட்டாங்க. ஊரே பாக்குது." அம்மா தூக்குப்போசியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "கல்யாணம் வர்ற பதினாலாந் தேதிதான். கிட்டத்துல வந்துருச்சு. அதுவரைக்கும் பொறுத்துக்க சாமி. அது முடிஞ்ச மறுநாளே வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு என்ன கேட்கிறாள் என்று உடனே புரியவில்லை.

அம்மா சுற்றிலும் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள். தண்ணீர் வடிகட்டும் மெஷினைப் பார்த்தாள்.

"இங்க நல்லாத்தான வெச்சிருக்காங்க? நேரத்துக்குச் சோறு போடறாங்கல்ல?"

"போடறாங்கம்மா" என்றேன்.

சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தேன். பதினாலாந் தேதி வரைக்கும்தானே, சரிம்மா என்றேன். அம்மா என் கன்னத்தைத் தடவினாள். பின்னலைத் தொடவில்லை.

செப்டம்பர் 6, சனி

பேச முடியவில்லை. சியோமா கேட்டால் தலையை ஆட்டுகிறேன். தொண்டையில் ஒன்றும் இல்லை, வலியும் இல்லை. பேசுவதற்கு எதுவும் மேலே வரவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் வார்டன் ஒரு விவரம் சொன்னார். திங்கட்கிழமை மேலதிகாரி விசாரணைக்கு வருகிறார். அதற்குள் எனக்காக யாரும் பொறுப்பேற்காவிட்டால் போலி ஆவணம் வைத்திருந்ததாக வழக்குப் போட்டு ஜெயிலுக்கு அனுப்புவார்களாம். அம்மாவுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

இதை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டிருக்க மாட்டாள் என்றுதான் எழுதியிருக்கிறேன். கை எழுதிவிட்டது. எனக்குத் தெரியவில்லை.

சியோமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நேற்று வந்தது யார் என்று கேட்டார். இந்தத் தடவை வாய் வந்தது. "மை மதர்" என்றேன். "ஷி டேக் யூ?" என்றார். நோ என்றேன். சியோமா தன் மகளைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது என்றும், இங்கிருந்து பிடித்து அனுப்பினாலாவது அவளைப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அனுப்பினால் என்னை எங்கே அனுப்புவார்கள் என்று யோசித்தேன்.

எழுந்து நேராக ஆபீஸ் ரூமுக்குப் போனேன். வார்டனும் ஜெயக்கொடியும் இருந்தார்கள்.

"என்னப் பெத்தவங்க பேரு சுலோச்சனா. நேத்து எனக்குச் சோறு கொண்டுவந்தவங்கதான் அவங்க. தெரியாதுன்னு சொன்னாங்கன்னா ரத்தம் எடுத்துச் சோதனை வையுங்க. என்ற ரத்தத்த இப்பவே எடுத்துக்குங்க" என்றேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பதினாலாந் தேதி வரைக்கும் என்று அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மாவை நாளை விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் போயிருக்கிறது. ஜெயக்கொடி சொன்னார். தலை வலிக்கிறது.

செப்டம்பர் 8, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

விசாரணை அதிகாரி பெரிய ஹாலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் கசமுசா என்று சத்தம். வசந்தாமணி அக்கா எங்கள் டேபிள் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கம்பெனி வேனிலேயே வந்துவிட்டார். அரை நாள் சம்பளம் போகுமென்று தெரிந்தும் வந்திருக்கிறார்கள். "சார், இவ எங்ககூட மூணு வருசமா வேலை செய்யறாளுங்க. வேணும்னா எல்லாரும் கைநாட்டு வெக்கறோம்" என்றார் அக்கா. அதிகாரி, அதெல்லாம் சரிம்மா, பெற்றவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்றார்.

அப்போது ஸ்ருதிகா உள்ளே வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். நிச்சயத்துக்கு வைத்த மருதாணி இன்னும் விரலில் இருந்தது.

அவள் இங்கே வருவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவளுக்கு நான் அம்மா உதவி செய்கிற ஹாஸ்டல் பிள்ளை. வருஷத்துக்கு இரண்டு முறை பின்வாசல் வழியாக வந்து அரிசி புடைத்துக் கொடுத்துவிட்டுப் போகிற அக்கா.

"நேத்துப் போலீசு வந்தப்ப நான்தான் கதவத் தொறந்தேன்" என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள். "எங்கப்பாக்குத் தெரிஞ்சா விடமாட்டாருன்னு காலைல கடைக்குப் போறோம்னு சொல்லிட்டு வந்தோம். இவங்க எங்கக்காங்க சார்."

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"ஆறாவது படிக்கறப்பவே." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "தீபாவளிக்கு வந்து மாடில தூங்கிட்டிருந்தீங்க. அம்மா தூங்கற மாதிரியே முழங்கைய மடிச்சுக் கண்ணு மேல வெச்சுட்டு. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. கேட்டா நீங்க வர்றத நிறுத்திப்போடுவாங்கன்னு கேக்கல."

என்னிடம் அம்மாவுடையது ஒன்று இருக்கிறது. தூங்கும்போது மட்டும் வருகிறது.

அதிகாரி அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அன்னைக்குத் தெரியாதுன்னு சொன்னீங்க. இப்பச் சொல்லுங்க. இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அம்மா தரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. "நான் பெத்ததுதானுங்க" என்றாள். காற்றோடு போய்விட்டது. அதிகாரி தலையை ஆட்டி எழுதப் போனார்.

"சார்" என்றேன். "எனக்குக் கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். ஜெயக்கொடி சுவரைப் பார்த்தார். அம்மா முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற கண். நான் பார்வையை எடுக்கவில்லை. எனக்கு இவ்வளவு கல்மனசு உண்டு என்று எனக்கே தெரியாது.

"அம்மா, சொல்லு" என்றாள் ஸ்ருதிகா.

"இவ என்ற மூத்த பொண்ணுங்க" என்றாள் அம்மா. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. "பேரு கார்குழலி. நான்தான் வெச்சேன்."

சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் இன்னொருத்தியும் தூக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். இருபத்து நான்கு வருஷத்தில் அதை நான் இன்னொரு மனிதர் முன்னால் கேட்டதில்லை. கேட்டால் என்னென்னவோ ஆகும் என்று நினைத்திருந்தேன். காது மட்டும் சூடாக இருந்தது.

கையெழுத்தெல்லாம் முடிய மாலை ஆகிவிட்டது. அம்மா வாசலில் ஆட்டோ பக்கத்தில் நின்று, "வா கண்ணு" என்றாள். எந்த வீட்டுக்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "வேன்ல போயிக்கறேம்மா" என்று சொல்லி அக்காவோடு ஏறிக்கொண்டேன்.

சியோமா ஜன்னல் வழியாகக் கை காட்டினார். அவருக்காகச் சொல்ல யாரும் வரவில்லை. வரவும் முடியாது. அடுத்த வாரம் விமானம் ஏற்றுகிறார்களாம்.

செப்டம்பர் 10, புதன்

வேலைக்குப் போனேன். ஆபீஸில் மேனேஜர் கூப்பிட்டு, அன்றைக்குப் போனில் அப்படிச் சொன்னது தவறுதான் என்றார். பின்னலை எப்போது எடுப்பாய் என்றும் கேட்டார். எடுப்பதாக இல்லீங்க சார் என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மத்தியானச் சாப்பாட்டில் எல்லாருக்கும் தொட்டுப் பார்க்க ஆசை. பார்க்கவிட்டேன். வசந்தாமணி அக்கா மட்டும் தொடவில்லை. "கேக்காம ஒருத்தரு தலையத் தொடறீங்களே, நல்லாவா இருக்குது" என்று அவர்களை அதட்டினார்.

பாதிச் சோற்றில் திடீரென்று மின்விசிறி, தண்ணீர் மெஷின், சோறு போடறாங்கல்ல என்ற அம்மாவின் குரல். எழுந்து போய்க் கை கழுவினேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ஸ்ருதிகா போன் செய்தாள். மாமா அம்மாவோடு பேசுவதில்லையாம். மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிறு பேசுவதற்காகப் பெரியவர்கள் வருகிறார்கள். அது கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள்.

"என்னால உனக்கு" என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் பேசாதீங்க. நீங்க ஞாயித்துக்கெழமை வரோணும். அவங்க வர்றப்ப நடு ஹால்ல என்ற பக்கத்துல உக்காரோணும்."

"உக்காந்து?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். காபி குடிங்க. உங்களப் பாத்துட்டு வேண்டாம்னா அவங்க வேண்டாம்னே போகட்டும். பொறவு தெரியறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கறது தேவலாம்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மா ஒண்ணும் சொல்லல. உங்களுக்கு எந்த டம்ளர் எடுக்கறதுன்னு கேட்டாங்க. எல்லாருக்கும் குடுக்கறதுதான்னேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சின்ன விஷயம். கேட்க வெட்கமாகவும் இருந்தது.

"ஸ்ருதி, முன்வாசல் பக்கம் செருப்ப எங்க விடுவீங்க?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.